நானுஓயாவில் ஒரு பழைய சைக்கிள் சட்டம்

நானுஓயா என்ற பெயரைக் கேட்டதும் நம்மவருள் பெரும்பாலாருக்கு நினைவில் எழுவது அதன் புகையிரத நிலையமே. நுவரெலியாவுக்குச் செல்வோர் இறங்குமிடம் அது. அங்கிருந்து நகரத்தை அடைய இன்னும் எட்டுக் கிலோமீற்றர் வரையில் மலைப்பாதையில் ஏறவேண்டும். ஆகவே, புகையிரதத்தால் இறங்கியவர்கள் பெட்டி படுக்கைகளுடன் அடுத்த வாகனத்தைத் தேடி விரைந்துவிடுவர். நானுஓயாவிலேயே தங்கி நிற்பவர் வெகு சிலர்.

நின்று பார்ப்பவருக்கோ அவ்வூர் அலுப்புத் தருவதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் 1,600 மீற்றருக்கும் உயரத்தில், தேயிலைச் சரிவுகளின் நடுவே அது அமைந்திருக்கிறது. காலையில் மூடுபனி கடைவீதிவரை இறங்கி வந்து, வெயில் ஏற ஏறத் தயங்கித் தயங்கி மலைக்குத் திரும்பும். லீக்ஸும் கரட்டும் ஏற்றிய லொறிகள் உறுமிச் செல்லும். கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறிப்பர்.

இலங்கையின் புகையிரத வரலாற்றில் இச்சிற்றூருக்குப் பெரிய இடமுண்டு. கொழும்பிலிருந்து புறப்பட்டு மலையேறிய அகலப்பாதை 1885ஆம் ஆண்டு இங்கே வந்து சேர்ந்தது. அது ஹப்புத்தளைக்கு நீண்டது 1893இலேயே. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் நானுஓயாவே பாதையின் முடிவு. பின்னர், 1903இல், இரண்டரை அடி அகலமுள்ள ஒரு குறும்பாதை இங்கிருந்து நுவரெலியாவுக்கு இடப்பட்டது. அடுத்த ஆண்டு அது இராகலைவரை நீண்டது. தேயிலைப் பெட்டிகளையும் பயணிகளையும் சுமந்து வளைந்து வளைந்து ஏறிய அந்தச் சிறிய புகையிரதம் வீதி மோட்டார்களோடு போட்டியிட இயலாமல் 1940களில் நின்றுபோயிற்று. தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. அது சென்ற சுவட்டை ஆங்காங்கே காட்டிக் கதை சொல்லும் முதியவர்களை இன்றும் காணலாம்.

நாம் இங்கே எழுதப் புகுந்தது அந்த இரும்புக் குதிரையைப் பற்றியன்று. அதனிலும் எளியதான ஒரு துவிச்சக்கர வண்டியைப் பற்றி. வண்டி என்பதுகூடச் சற்று மிகையே. சில்லுகள் இல்லை, இருக்கை இல்லை, மிதிகட்டை இல்லை. எஞ்சியிருந்தது சட்டமும் முன் கவையும் மாத்திரமே.

மலையும் சைக்கிளும்

யாழ்ப்பாணத்தார்க்குச் சைக்கிள் என்பது வீட்டில் ஓர் உறுப்பினர் போல. மேடுபள்ளம் அற்ற நிலம். ஆகவே சந்தைக்கும் பள்ளிக்கும் வயலுக்கும் சைக்கிளே துணை. போர்க்காலத்தில், 1990களில், எரிபொருட் தடையால் மோட்டார் வாகனங்கள் முடங்கியபோது, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும் சைக்கிள். விறகு சுமந்ததும் சைக்கிள். குடும்பம் இடம்பெயர்ந்ததும் சைக்கிளிலேயே.

மலையகத்தின் கதை வேறு. அங்கே மனிதர் ஏறுவதே மூச்சு வாங்கும் பாதைகளில் சைக்கிளை மிதிப்பது எளிதன்று. இறங்கும்போது பிறேக் பிடிக்காவிட்டால் உயிருக்கே மோசம். தோட்டங்களில் பெரிய துரைக்குக் காரும், சின்னத் துரைக்கு மோட்டார் சைக்கிளும் இருந்தன. தொழிலாளிக்குக் கால்களே வாகனம். இடைநடுவே நின்ற கிளாக்கர், மருந்து கொடுப்பவர், ஆசிரியர் முதலான உத்தியோகத்தர் சிலரிடம் மாத்திரமே சைக்கிள் இருந்தது. அவற்றுட் சில மூன்று கியர் கொண்டவை.

இம்மூன்று கியரின் சூட்சுமத்தை மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. பின்சில்லின் குடத்துக்குள்ளே சிறு பற்சக்கரங்கள் ஒன்றையொன்று சுற்றிவரும்படி அமைந்திருக்கும். நடுக் கியரில் சங்கிலி இழுக்கும் வேகத்திலேயே சில்லு சுழலும். தாழ்ந்த கியரில் சில்லின் வேகம் காற்பங்கு குறையும். அந்த அளவுக்கு மிதிப்பதும் இலகுவாகும். உயர்ந்த கியரில் வேகம் மூன்றிலொரு பங்கு கூடும். இங்கிலாந்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தார் 1936இல் வெளியிட்ட ‘ஏ.டபிள்யூ.’ என்னும் குடம் இவ்வகையில் பெயர் பெற்றது. மலைநாட்டில் சைக்கிள் வைத்திருக்க எண்ணியவர் அதனை விரும்பியதில் வியப்பில்லை.

பரணிலிருந்து இறங்கியது

2023ஆம் ஆண்டு ஏப்பிரல் விடுமுறையில் எமது மாணவர் அறுவருடன் நாம் நானுஓயாப் பக்கம் சென்றிருந்தோம். எம்மிடம் முன்னர் பயின்று, இப்போது அங்குள்ள தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் இளைஞர் ஒருவர் எமக்கு வழித்துணையாக வந்தார். சைக்கிள்களில் எமக்குள்ள ஈடுபாட்டை அவர் நன்கறிவார். கல்லூரி விறாந்தையில் நாம் பழைய றலி வண்டியொன்றைக் கழற்றிப் பூட்டியதைக் கண்டு சிரித்தவர்களுள் அவரும் ஒருவர். “சேர், இங்கே ஓர் அம்மாவிடம் பழைய வண்டிச் சட்டம் ஒன்று இருக்கிறது. இரும்புக்காரர் நாளை வருகிறாராம். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்க்கவேண்டும்” என்றார்.

லயத்தின் கோடியிலிருந்த அந்தக் காம்பராவின் வாசலில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் எம்மை வரவேற்றார். இஞ்சி தட்டிப்போட்ட சாயத் தேநீர் வந்தது. பேரன் பரணில் ஏறிச் சட்டத்தை இறக்கினான். லொறிக்குப் பூசும் பச்சை வர்ணம் அதன்மேல் தடிப்பாக ஏறியிருந்தது. பெயர்த்தகடு இல்லை, அது இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மாத்திரமே காணப்பட்டன.

“எங்க அப்பா வண்டிங்க ஐயா. தோட்டத்துல தப்பால்காரரா இருந்தாரு. கிளாக்கர் ஐயா ஒருத்தரு மாத்தலாகிப் போறப்போ அவருகிட்ட வாங்கினது. இரும்புக்கு எடுக்குறேன்னு ஒருத்தர் கேட்டுருக்காரு. பேரனுக்குப் படிப்புச் செலவு இருக்குது. குடுத்துறலாமுங்களா? இல்ல, இதுக்கு வேற வெலை ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று அவர் கேட்டார்.

இரும்புக்காரர் சொல்லியிருந்த தொகை, அப்போது நடைமுறையிலிருந்த ஆயிரம் ரூபாய் நாட்கூலியிற் பாதியையும் எட்டவில்லை. அவரையும் குறை கூற முடியாது. கவையோடு சேர்த்து நிறுத்தால் நாலு கிலோ அளவில் வரும் பழைய உருக்குக்கு அவர் வேறு எவ்வாறு விலை சொல்வார்? அவருடைய அளவுகோல் தராசு. வேறோர் அளவுகோல் உண்டா என்பதே அம்மையாரின் கேள்வி. இல்லாத விலையைச் சொல்லி ஒரு குடும்பத்துக்கு ஆசை காட்டுதலும் பாவம். உள்ள விலையை மறைத்தலும் பாவம். எனவே சற்று நிதானமாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

பெயர் இல்லாத இடத்தில்

பழைய வண்டி என்றால் எல்லாரும் முதலில் தேடுவது பெயர்த்தகட்டைத்தான். ஆனால் சைக்கிளைப் பொறுத்தவரையில் பெயரை முழுதும் நம்பிவிடலாகாது. ஒரே தொழிற்சாலையில் செய்த சட்டங்கள் பல பெயர்களுடன் வெளிவந்ததுண்டு. ஹம்பர் வண்டிகளின் உரிமையை நொட்டிங்ஹாம் நகரத்து றலி நிறுவனம் 1932இல் வாங்கியது; றட்ஜ் 1943இலும், பீ.எஸ்.ஏ. சைக்கிள்கள் 1957இலும் அதன் கைக்கு வந்தன. பிலிப்ஸ், ஹெர்க்குலிஸ் முதலியவற்றைச் செய்த ரியூப் இன்வெஸ்ட்மென்ற்ஸ் குழுமத்தின் சைக்கிள் பகுதியும் றலியும் 1960இல் ஒன்றாயின. இந்தியாவிலோ, சென்னைக்கருகே அம்பத்தூரில் ரீ.ஐ. சைக்கிள் நிறுவனமும், வங்காளத்தின் அசன்சோலில் சென்–றலி நிறுவனமும் ஆங்கில மாதிரிகளையே செய்து வந்தன. ஒரு தகட்டைக் கழற்றி மற்றொன்றில் பூட்டுவதும் கடினமான வேலையன்று. ஆதலால் பெயரைக் கடைசியாகவும் உருக்கை முதலாவதாகவும் பார்க்கவேண்டும்.

முன் கவையைக் கண்டவுடனே எமக்கு ஓரளவு விளங்கிவிட்டது. சாதாரண வண்டியின் கவையில் பக்கத்துக்கு ஒரு குழாயே இருக்கும். இதிலோ பக்கத்துக்கு இரண்டு மெல்லிய குழாய்கள், இரட்டைப் பிள்ளைகள் போல் அருகருகே இறங்கின. இது ஹம்பர் வண்டியின் அடையாளம். தோமஸ் ஹம்பர் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நொட்டிங்ஹாம் பகுதியில் சைக்கிள் செய்யத் தொடங்கியவர். அவர் பெயரிலான நிறுவனம் பின்னர் மோட்டார் கார்களிலும் புகழ் பெற்றது. றலி நிறுவனத்தார் உரிமையை வாங்கிய பின்னும் இந்த இரட்டைக் கவையைக் கைவிடவில்லை.

ஆயினும் கவையைக் கழற்றி வேறு சட்டத்தில் மாட்டலாம் அன்றோ? ஆகவே சட்டத்தையே வினாவ வேண்டும். நானுஓயாக் கடைவீதியில் சைக்கிள் திருத்தும் பெரியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டு சென்றோம். மிதி அச்சு பொருந்தும் கூட்டில் புதிய கிண்ணமொன்றை அவர் திருகிப் பார்த்தார். ஒரு சுற்றுக்குமேல் அது ஏறவில்லை. “இது நம்ம சாமானுக்கு ஏறாதுங்க. றலி மரை” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஏனைய ஆங்கில வண்டிகளில் அவ்விடத்துத் திருகுமரை அங்குலத்துக்கு 24 புரிகள் கொண்டது. றலி தன் தொழிற்சாலைக்கென 26 புரிகளை வைத்துக்கொண்டது. எனவே கவை ஹம்பர் என்றது. சட்டம் நொட்டிங்ஹாம் றலித் தொழிற்சாலை என்றது. இரு சாட்சிகளும் ஒத்துப்போயின.

அடுத்தது உருக்கின் தரம். உயர்ந்த சட்டங்களின் குழாய்கள் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். பலம் வேண்டிய இடத்தில் பலம், பாரம் வேண்டாத இடத்தில் இலேசு. இம்முறைக்கு ரெனோல்ட்ஸ் என்பவர் 1897இலேயே காப்புரிமை பெற்றார். அந்நிறுவனத்தின் 531 என்னும் கலப்புருக்கு 1935இல் வெளிவந்தது. பந்தய வண்டிகளைப் போற்றுவோர் நாடுவது இத்தகைய குழாய்களையே. குழாயை அறுத்துப் பார்க்க முடியாதே, எப்படி அறிவது? இருக்கைத் தண்டு நுழையும் துளையை அளந்தால் போதும். வெளிப்புறம் ஒரே பருமனாயினும், சுவர் மெலிந்த குழாயின் உட்துளை பெரியது. 531 குழாயாலான நல்ல சட்டத்தில் 27.2 மில்லிமீற்றர்த் தண்டு நுழையும். எமது மாணவர் அளந்தபோது இதில் ஓர் அங்குலத் தண்டே, அதாவது 25.4 மில்லிமீற்றரே நுழைந்தது. ஆக, இது பந்தயத்துக்குப் பிறந்ததன்று. பாரம் சுமக்கப் பிறந்த சாதாரண வீதி வண்டி.

மாணவர்களுக்கு வேலை கொடுத்த மற்றொரு சோதனை நூற்சோதனை. பின்சில்லின் அச்சு பொருந்தும் பிளவுகளில் ஒன்றில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கப் பிளவில் இறுகக் கட்டுவது. இப்போது இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் இடையேயுள்ள தூரம் இரு பக்கமும் ஒன்றாயிருந்தால் சட்டம் நேரானது, வேறுபட்டால் கோணலானது. இங்கே வேறுபாடு ஒரு மில்லிமீற்றரளவே. முன்குழாய்க்குப் பின்னால், மேற்குழாயிலும் சாய்குழாயிலும் கையை மெல்ல ஓட்டிப் பார்த்தோம். வண்டி எதிலேனும் மோதியிருந்தால் அங்கே தோல் சுருங்கியதுபோல் ஒரு மடிப்புத் தென்படும். இங்கே அது இல்லை. மலைச்சரிவில் ஓடிய வண்டிக்கு இது சிறிய பாக்கியமன்று. ஓட்டியவரும் பதனமாகவே ஓட்டியிருக்கவேண்டும்.

குறை எங்கேயிருந்தது என்றால், அடியில். ஈரலிப்பான காற்றில் குழாய்களுக்குள் சேரும் நீர் மிதி அச்சுக் கூட்டில் வந்து தங்கும். அங்கே துரு ஆழமாக இறங்கியிருந்தது. ஆணி நுனியால் அழுத்தியபோது ஓரிடத்தில் செதில் உதிர்ந்தது. ஓட்டை விழவில்லை. ஆயினும் ஆளை ஏற்றி மலையில் இறக்குவதற்கு அச்சட்டத்தை நாம் நம்பமாட்டோம். கூட்டின் கீழ்ப்பக்கம், ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில், பச்சை வர்ணத்தை ஒரு சத நாணயமளவு சுரண்டினோம். பச்சைக்குக் கீழே பழைய கறுப்பு இனாமல் மினுங்கிற்று.

பிஸ்கற் டின்னும் கடதாசிக் கட்டும்

“இதோட சாமான் வேற ஒண்ணும் இல்லீங்களா அம்மா?” என்று எமது ஆசிரிய நண்பர் அவ்வூர் வழக்கிலேயே கேட்டார். அம்மையார் ஒரு பழைய பிஸ்கற் டின்னைக் கொண்டுவந்தார். அதனுள்ளே எண்ணெய்ச் சீலையில் சுற்றியபடி, ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. குடம்! கியர் பழுதானதும் அதைக் கழற்றிவிட்டு அவருடைய தந்தையார் சாதாரணக் குடத்தை மாட்டினாராம். குடத்தின் மேல் 51 என்னும் எண் பொறித்திருந்தது. அந்நிறுவனத்தார் செய்த ஆண்டையே குடத்தில் பொறிப்பது வழக்கம். ஆகவே குடம் 1951ஆம் ஆண்டினது. குடத்தை மாற்றலாமாகையால் இது சட்டத்தின் வயதுக்கு முழுச் சாட்சியாகாது. நல்ல துணைச் சாட்சி.

பின்னர் ஒரு கடதாசிக் கட்டு வந்தது. அக்காலத்தில் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் உள்ளூராட்சிச் சபையில் அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். கையில் ஒரு சிறு தகடும் கொடுப்பார்கள். அந்தக் கட்டில் 1959ஆம் ஆண்டுத் துண்டொன்று இருந்தது. அதில் அவருடைய தந்தையின் பெயரும், வண்டி ஹம்பர் என்பதும், சட்டத்தின் இலக்கமும் மங்கிய மையில் எழுதப்பட்டிருந்தன. இருக்கைக் குழாயின் உச்சியில் வர்ணத்தைத் துடைத்துப் பார்த்தோம். அதே இலக்கம்.

ஒரு சைக்கிள் துண்டை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாதுகாப்பானேன் என்று எமது மாணவனொருவன் வியந்தான். அம்மையார் சொன்ன மறுமொழியை நாம் மறக்கமாட்டோம். “எந்தக் கடுதாசியா இருந்தாலும் வீசக்கூடாதுன்னு அப்பா சொல்லுவாரு. எப்ப, யாரு, எதைக் கேப்பாங்கன்னு தெரியாதுன்னு.”

வரலாறு கற்ற மாணவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம், இந்நாட்டில் இத்தனை ஆண்டுகள் இடையறாது வாழ்ந்ததாக நிரூபிப்பவர்க்கே குடியுரிமை என்றது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் கடதாசிக்கு எங்கே போவர்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியோரைப் பின்னர் பார்ப்போம் என்றது. அம்மையாரின் சிறிய தந்தையும் அவ்வாறே மலைநாட்டு நிலையமொன்றிலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதமேறிப் பின்னர் கப்பலிற் போனவர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. அந்த வண்டிக்குப் பிறந்த இடமும் இலக்கமும் உருக்கிலேயே பொறித்திருந்தன. ஒருவரும் அதை ஐயுற்றதில்லை. அதை ஓட்டியவரோ தம்மை நிரூபிக்கக் கடதாசி சேர்த்தார்.

சில்லுகள் எங்கே என்று கேட்டோம். 1973, 1974ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு கடுமையானபோது தோட்டங்களைப் பட்டினி வாட்டியது, உயிரிழந்தோரும் பலர். அப்பொழுது முதலில் இருக்கையும் கைபிடியும் போயின, பிறகு முன்சில்லு, அதன்பின் பின்சில்லு. ஒவ்வொன்றும் சில கொத்து மாவாகியது. “சட்டத்தை மட்டும் யாரும் கேக்கலீங்க” என்றார். அதனாலேயே அது எஞ்சியது.

விலை என்ன?

இவ்வளவும் பார்த்த பின், கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லவேண்டும் அல்லவா? முற்றத்தில் அமர்ந்து, மாணவர்களும் கேட்க, அம்மையாருக்கு விளக்கமாகச் சொன்னோம்.

முதலாவது, இது புதையலன்று. உலகச் சந்தையில் பெரும் பணம் பெறும் பழைய சட்டங்கள் உண்டு. வளைந்த பின்கவைகளால் 1930களில் பெயர் பெற்ற லண்டன் ஹெற்சின்ஸ் போன்றவை ஒரு சில கைவினைஞர் பட்டறைகளில் சிறு தொகையாகச் செய்யப்பட்டவை. எமது ஹம்பரோ பெருந்தொகையாகச் செய்யப்பட்ட வீதி வண்டி. இங்கிலாந்திலே முழு வண்டிகளே மலிவாகக் கைமாறுகின்றன. அங்கே அனுப்பும் செலவு சட்டத்தின் விலையையே விழுங்கிவிடும்.

இரண்டாவது, இது வெறும் இரும்புமன்று. ஹம்பர் வண்டியைப் பழுதுபார்த்துப் பேணும் ஒருவருக்கு அந்த இரட்டைக் கவை எளிதில் அகப்படாத பொருள். கவையைச் சட்டத்திலிருந்து பிரிக்காமல், இலக்கமும் துண்டும் பொருந்துவதைக் காட்டி விற்றால், இரும்பின் விலையைப் போலப் பல மடங்கு கேட்கலாம். புதிதாக வர்ணம் பூசக்கூடாது. பச்சைக்குக் கீழேயிருக்கும் பழைய கறுப்பை விரும்பி எடுப்பவர் உண்டு. பளபளவென்று பூசிவிட்டால் அவர் வரமாட்டார், விடுதிச் சுவரில் அழகுக்குத் தொங்கவிடுபவரே வருவார்.

மூன்றாவது, டின்னில் இருப்பதைச் சட்டத்தோடு இலவசமாகச் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. எளிதில் விலைபோகக்கூடியது அந்தக் குடமே. ஸ்டர்மி ஆர்ச்சர் இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு வீழ்ந்தபின் தாய்வான் நிறுவனமொன்று அதனை வாங்கி நடத்திற்று. ஏ.டபிள்யூ. குடத்தின் உள்ளுறுப்புகளிற் பல ஆண்டு மாறினாலும் ஒன்றுக்கொன்று பொருந்தக்கூடியவை. ஆகவே அதனைத் திருத்தலாம். மேலும் 2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது பலர் சைக்கிளுக்குத் திரும்பினர். மலையில் மிதிப்பவர் கியரைத் தேடாமலிரார்.

நாலாவதாக, குறையையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அடிக்கூட்டில் துரு உண்டு. 26 புரி மரைக்கு ஏற்ற கிண்ணம் கடைகளில் இலகுவில் கிடையாது. இவ்விரண்டும் விலையைக் குறைக்கும். பேரன் அதனைப் பூட்டி ஓட்ட ஆசைப்பட்டான். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னோம்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எமது மாணவன் தமிழில் எழுதினான். என்ன வண்டி, எங்கே செய்யப்பட்டது, எது பழையது, எது இல்லை, எது பழுது, எப்படி அறிந்தோம் என்பன யாவும் அதிலடங்கின. விலை என்று ஒரு தொகையை நாம் எழுதவில்லை. வாங்குபவர் வரும்போது பேசுவதற்கு வேண்டிய நியாயங்கள் அம்மையார் கையில் இருந்தாற் போதும். பேரன் அதை உரக்க வாசித்துக் காட்டினான். அம்மையார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்படின்னா நாளைக்கு இரும்புக்காரரு வந்தா இல்லேன்னு சொல்லிடுறேன். கொடத்தை முதல்ல கேட்டுப் பாப்போம். சட்டம் இருந்துட்டுப் போகட்டும்” என்றார். தாள் கடதாசிக் கட்டிலும், சட்டம் பரணிலும் போய்ச் சேர்ந்தன.

பழம்பொருள்களை வாங்கித் திரிபவர்கள் தோட்டந்தோறும் கிராமந்தோறும் வருகிறார்கள். குத்துவிளக்கு, மணிக்கூடு, தையல் இயந்திரம், சைக்கிள் என்று எதையும் கேட்பார்கள். அவர்களில் நேர்மையானவர் பலர். ஆயினும், பொருளை அறிந்தவர் வாங்குபவராகவும், அறியாதவர் விற்பவராகவும் இருக்கும் பேரத்தில் நட்டம் எப்போதும் ஒரு பக்கத்துக்கே. ஆகவே, வீட்டில் ஒரு பழைய பொருள் இருந்தால், அதைத் துலக்கவோ வர்ணம் பூசவோ முன், இலக்கத்தைத் தேடுங்கள். அதனுடன் வந்த துண்டு துணுக்குகளைச் சேர்த்து வையுங்கள். அதை வைத்திருந்தவர் யார், எப்படி வந்தது என்பதை முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். கல்வி கற்ற பிள்ளைகளால் இதைச் செய்ய முடியும். அவர்கள் படித்த பௌதிகமும் வரலாறும் இத்தகைய முற்றங்களுக்குப் பயன்படாவிட்டால், வேறு எங்கே பயன்படப்போகின்றன?

மறுநாட் காலை நானுஓயா நிலையத்தில் புகையிரதத்துக்காகக் காத்திருந்தபோது, நூற்சோதனை செய்த மாணவன் இன்னும் அந்த நூலைச் சட்டைப்பையில் வைத்திருந்தான். யாழ்ப்பாணம் போய்த் தன் பாட்டனாரின் சைக்கிளையும் அளந்து பார்க்கப் போவதாகச் சொன்னான்.